வெக்கை நாளில் 30 பேருக்குக் கார கலெட்: பட்டர் உருகாமல், அடி ஊறாமல் செய்வது எப்படி?

உவர்மலை அடுப்படி கேட்டது:

வாற சனிக்கிழமை பின்னேரம் வீட்டில் பிறந்தநாள் விருந்து. 30 பேர். ரோல்ஸ், கட்லட் கொஞ்சம் கடையில் எடுக்கிறம், கேக்கும் இருக்கு. அதோட கார கலெட் செய்து வைக்க யோசிக்கிறன். பிரான்சில் பக்வீட் மாவில் மெல்லிசா வார்ப்பினமே, அதில்லை. பட்டர் போட்ட மாவை விரிச்சு, நடுவில் மரக்கறியோ மீனோ வைச்சு, ஓரத்தைச் சுற்றிவர மடிச்சு ஓவனில் வைக்கிறது. அச்சும் வேண்டாம், பொரிக்கிற வேலையும் இல்லை எண்டபடியால்தான் இது.

ஓவன் மேசையில் வைக்கிற சின்னது. ஒரு நேரத்தில் ஒரு தட்டுத்தான் போகும். பத்துப் பேர் சைவம், அதில் மூண்டு பேர் முட்டையும் தொடமாட்டினம். முஸ்லிம் நண்பர்களும் வருகினம், ஹலால் பார்க்கவேணும்.

பரீட்சார்த்தமாக ஒண்டு செய்து பார்த்ததில், உருட்டும்போதே மா எண்ணெய் கக்குது. வெந்து வந்தால் நடு அடி ஈரமாக, ஓரம் கை வைச்ச உடனே தூள். உலர்ந்த சூட்டுக் கச்சான் காத்து வேற அடிக்குது, பின்னேரத்தில் குசினிக்குள் நிக்கேலாது. எத்தனை செய்யவேணும், எதை முதல் நாளே செய்யலாம், எந்த உள்ளடக்கம் சரிவரும்? அளவோட சொன்னால் பெரிய உதவி.

---

மாவும் தராசும் எழுதியது:

முதலில் வட்டத்தை மறந்திடுங்கோ தங்கச்சி. உங்கட ஓவன் தட்டு நீள்சதுரம். அதில் வட்டம் போட்டால் நாலு மூலையும் வீண். வெட்டினால் வாற முக்கோணத் துண்டும் நுனியில் வளைஞ்சு ஆக்களின்ட சட்டையில் விழும். 30க்கு 20 சென்ரிமீற்றர் நீள்சதுரமாகச் செய்யுங்கோ. நீளத்தில் நாலு, அகலத்தில் மூண்டு எண்டு வெட்ட 12 துண்டு. வேற பலகாரமும் இருக்கிறபடியால் ஆளுக்கு ரெண்டு துண்டு போதும். 60 துண்டு, அதாவது 5 கலெட். சைவம் பத்துப் பேர்தானே எண்டு சைவத்தில் ரெண்டு மட்டும் செய்யாதேங்கோ. மற்றவையும் அதில் கை வைப்பினம். மூண்டு சைவம், ரெண்டு மீன்.

ஒரு கலெட்டுக்கு:

கோதுமை மா 200 கிராம்
பட்டர் 120 கிராம்
ஐஸ் தண்ணி 55 முதல் 60 மில்லிலீற்றர்
தேசிக்காய்ச் சாறு 1 தேக்கரண்டி
உப்பு கால் தேக்கரண்டி (உப்பில்லாத பட்டர் எண்டால் அரைத் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் மேல்)

அஞ்சுக்கும் கூட்டிப் பார்த்தால் ஒரு கிலோ மா, 200 கிராம் பட்டர் மூண்டு பக்கற். மிச்சம் இல்லை. ஆனால் ஒரு கிலோவையும் ஒரேயடியாகக் குழைக்கவேண்டாம். ஐந்து தரம் தனித்தனியாக நிறுத்துச் செய்யுங்கோ. பெரிய அளவு கையில் நிற்கிற நேரம் கூட, கூட நிற்கிற நேரம் முழுக்கப் பட்டர் உருகிற நேரம்.

உங்களுக்கு நடந்தது இதுதான். பட்டர் 20 பாகைக்கு மேல் இளகத் தொடங்கும், 32 முதல் 35க்குள் உருகியே போயிடும். கச்சான் அடிக்கிற நாளில் திருகோணமலைக் குசினி அந்த இடத்தில்தான் நிற்கிறது. பட்டர் மாவுக்குள் சின்னச் சின்னத் தகடாகத் தனிச்சு நிற்கவேணும். ஓவன் சூட்டில் அதிலும் மாவிலும் இருக்கிற தண்ணி ஆவியாகி மேல் படையைத் தூக்கும். படையும் படையும் ஒட்டாமல் கொழுப்பு பார்த்துக்கொள்ளும். உருட்டும்போதே உருகினால் மா கொழுப்பைக் குடிச்சிடும். பிறகு தூக்கப் படையே இல்லை. எண்ணெய் கக்கினதுக்கும் ஓரம் தூளாகப் போனதுக்கும் காரணம் ஒண்டுதான்.

மா எங்கட சீனக்குடா ஆலையில் அரைபட்டு வாறதே போதும், விசேஷ மா தேடவேண்டாம். கவனிக்கவேண்டியது சூட்டை.

வேலையை வெள்ளி இரவு அல்லது விடியப்புறம் 5 மணிக்கு வைச்சுக்கொள்ளுங்கோ. வீட்டில் ஏசி அறை இருந்தால் மேசையை அங்க கொண்டுபோங்கோ, வெட்கப்பட ஒண்டும் இல்லை. பட்டரைப் பக்கற்றோடேயே ஒரு மணித்தியாலம் பிரீசரில் வையுங்கோ. மாவையும் பையில் கட்டி அதே பிரீசரில் போடலாம், குழைக்கிற பாத்திரத்தையும் வைக்கலாம்.

பிறகு கரட் துருவியின் பெரிய கண்ணில் பட்டரைத் துருவுங்கோ. கடதாசியைப் பாதி உரிச்சு, மிச்சக் கடதாசியில் பிடிச்சுத் துருவினால் கைச்சூடு படாது. 120 கிராமையும் ஒரே குவியலாகத் துருவினால் திரும்ப ஒட்டிக் கட்டியாகும். மூண்டு தரமாகத் துருவி, ஒவ்வொரு தரமும் மாவைத் தூவி முள்ளுக்கரண்டியால் பிரட்டவேணும். விரலால் பிசையவே கூடாது. முடிவில் தேங்காய்ப்பூ அளவில் மா பூசின துருவல் தனித்தனியாக நிற்கும். தூளாக வந்தால் கை கூடிப்போச்சு.

தண்ணியில் தேசிக்காய்ச் சாறைக் கலந்து, முதலில் 40 மில்லிலீற்றர் தெளிச்சுக் கிளறுங்கோ. மிச்சத்தைக் கரண்டி கரண்டியாக. ஒரு பிடி எடுத்து அமத்தினால் நிற்கவேணும். விரலால் தட்டினால் ரெண்டாக உடையவேணும். விரலில் ஒட்டினால் தண்ணி கூட. அந்த மா உருட்டும்போது சுருங்கும், வெந்தபிறகு இழுபடும். பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் உலர்ந்த மா கிடந்தால் பயப்படவேண்டாம், ஊறும்போது சேர்ந்திடும்.

உருண்டையாகப் பிடிக்காதேங்கோ. தடிப்பான பொலித்தீன் பையை வெட்டி விரிச்சு, அதில் கொட்டி, 2 சென்ரிமீற்றர் தடிப்பில் செங்கல் வடிவாக அமத்தி மூடுங்கோ. உருண்டையின் நடு குளிர நேரம் எடுக்கும், தட்டை கெதியாகக் குளிரும். பிரிட்ஜில் ஒரு மணித்தியாலம். எடுத்து 30க்கு 15 அளவில் உருட்டி, கடிதம் மடிக்கிற மாதிரி மூண்டாக மடிச்சு, கால்வட்டம் திருப்பி இன்னொரு தரம் உருட்டி மடியுங்கோ. இந்த ரெண்டு மடிப்பில்தான் படை வரும். திரும்ப அரை மணித்தியாலம் பிரிட்ஜ். சனி விடியமட்டும் கிடந்தாலும் நல்லது.

கடைசியாக விரிக்கிறது 38க்கு 28 சென்ரிமீற்றர், 3 மில்லிமீற்றர் தடிப்பு. மேசையில் முதலே ஒரு அலுமினியத் தட்டை வைச்சு, அதுக்குள் ஐஸ் கட்டி நிரப்பிப் பத்து நிமிடம் விட்டால் மேசை குளிரும். துடைச்சுப்போட்டு ரெண்டு பொலித்தீனுக்கு நடுவில் உருட்டுங்கோ. விரிச்ச தகட்டில் மஞ்சள் கோடும் புள்ளியும் தெரியவேணும். அது தெரியாமல் முழுக்க ஒரே நிறமாக, மினுமினுப்பாக இருந்தால் அங்கேயே நிப்பாட்டித் தட்டோட பிரீசரில் பத்து நிமிடம். இந்தக் காத்துக்கு மேல்பக்கம் கெதியாகக் காஞ்சு ஓரம் வெடிக்கும், பொலித்தீனை எடுத்த உடனே ஈரத்துணியைப் பிழிஞ்சு போட்டு மூடுங்கோ. பிரிட்ஜால் எடுத்த கையோட வெடிச்சால் அது காஞ்சதால் இல்லை, குளிர் கூடினதால். அஞ்சு நிமிடம் வெளியில் விட்டால் வளையும்.

நடுவில் 30க்கு 20 அளவுக்கு உள்ளடக்கத்தைப் பரப்பி, 4 சென்ரிமீற்றர் ஓரத்தை மடிக்கவேணும். மூலையில் மா ரெட்டிப்பாகும், அந்த இடத்தில் ஒரு சின்னச் சதுரத்தை வெட்டி எடுத்திடுங்கோ. இல்லாட்டி எல்லாம் வெந்தாலும் மூலை பச்சையாக இருக்கும். கட்டிமுடிச்ச கலெட்டை ஓவனுக்கு முதல் கால் மணித்தியாலம் பிரீசரில் வைச்சால் மடிப்பு குலையாது.

உள்ளடக்கம் பற்றிக் கிண்ணியாக் காரர் சொல்லுவார், அவர் அதில் ஆள்.

---

கிண்ணியாக் கரை எழுதியது:

உள்ளுக்கு வைக்கிறதுக்கு ஒரே சட்டம்: கரண்டியால் கிண்டினா பாத்திரத்து அடியில் தண்ணி ஓடக்கூடாது, கை வெச்சா சுடக்கூடாது. சூட்டோட வெச்சா பட்டர் அங்கயே உருகும், ஈரத்தோட வெச்சா அடி அவியும். அளவு ஒரு கலெட்டுக்கு 350 முதல் 400 கிராம். நிறைய வெச்சாத்தான் விருந்துன்னு நினைச்சு 600 கிராம் குவிக்காதீங்க, அது கறிச்சட்டியாகிடும்.

மீனுக்கு: சூரை அல்லது பாரை, முள்ளெடுத்தது 250 கிராம். உப்பு, மஞ்சள், கொஞ்சம் கொறுக்காப்புளி போட்டு அவிச்சு உதிர்த்துக்கங்க. பெரிய வெங்காயம் ஒண்டு, பச்சை மிளகாய் மூணு, கறிவேப்பிலை, இஞ்சி உள்ளி தாளிச்சு, மீனைப் போட்டு மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டியோட வரட்டணும். அவிச்ச உருளைக்கிழங்கு 100 கிராம் மசிச்சுச் சேருங்க. இதுவரைக்கும் பற்றிஸுக்குச் செய்ற அதே வேலைதான். வித்தியாசம் என்னன்னா, பற்றிஸ் மூடி இருக்கும், கலெட் திறந்து கிடக்கும். அதே வரட்டின மீனை அப்படியே வெச்சா 40 நிமிடச் சூட்டில் மேல்பகுதி மரத்தூளாகிடும். அதனால தேங்காய் முதற்பால் 60 மில்லிலீற்றர் ஊத்தி, திரும்ப வத்த விட்டு இறக்குங்க. பால் வத்தி எண்ணெய் பிரியிறதுக்குச் சற்று முன்ன எடுக்கணும். ரின் மீன்ல செய்றதா இருந்தா சாறை முழுக்க வடிச்சிட்டு, உப்பு போட முதல் ருசி பாருங்க.

இறாலும் கணவாயும் நம்ம கரையில் நல்லாக் கிடைக்குதேன்னு ஆசைப்பட்டு உள்ளுக்கு வைக்காதீங்க. மா வேகிற நேரத்துக்கு இறால் ரப்பராகும், சுருங்கித் தண்ணியும் விடும். கட்டாயம் வேணும்னா, தோல் உரிச்சு எண்ணெயும் மிளகும் பிரட்டின சின்ன இறாலைக் கடைசி 8 நிமிடத்தில் மேல வைங்க. கணவாய் வேணவே வேணாம்.

சைவத்துக்கு முதல் இடம் தக்காளியும் முட்டித் தயிரும். எருமைத் தயிர் 250 கிராமை வெள்ளைத்துணியில் கட்டி, வடிதட்டில் வெச்சு பிரிட்ஜுக்குள்ள நாலு மணித்தியாலம் விட்டா பாதி எடைக்கு வரும். அதுக்குள்ள உள்ளி ரெண்டு பல்லு, மிளகு, உப்பு, கோன்பிளவர் ஒரு தேக்கரண்டி. கோன்பிளவரை விட்டுடாதீங்க, அதில்லாட்டி சூட்டில் தயிர் திரைஞ்சு தண்ணியைக் கீழ இறக்கும். நல்ல புதுத் தயிரா எடுங்க, ரெண்டு நாள் கிடந்தது புளிச்சிடும். கப் யோகட் சரிவராது. இளக்கம் ஒரு பக்கம், பல யோகட்டில் ஜெலட்டின் போடுவாங்க. சைவக்காரருக்கும் ஆகாது, ஹலால் பாக்கிறவங்களும் பெட்டியை வாசிச்சுத்தான் எடுக்கணும்.

தக்காளி 500 கிராம். அரை சென்ரிமீற்றர் வட்டமா வெட்டி, விதையை விரலால் தள்ளிட்டு, முக்கால் தேக்கரண்டி உப்புத் தூவி வடிதட்டில் அரை மணித்தியாலம் வைங்க. கீழ வடிஞ்சு கிடக்கிற தண்ணியைப் பாத்தா ஏன் அடி ஊறுதுன்னு விளங்கிடும். துணியில் ஒத்தி எடுத்து, தயிருக்கு மேல ஒண்டின்மேல் ஒண்டு பாதி ஏறுற மாதிரி அடுக்குங்க. இந்த உப்பே போதும், தயிரில் குறைச்சுப் போடுங்க.

ரெண்டாவது லீக்ஸ். 300 கிராமை நீளத்துக்குப் பிளந்து கழுவணும், படைக்குள்ள மண் இருக்கும். எண்ணெயில் உப்புப் போட்டு மூடாம 12 முதல் 15 நிமிடம் வதக்குங்க. மூடினா அவிஞ்சு தண்ணி நிக்கும். முக்கால் பதம் அவிச்ச உருளைக்கிழங்கு 150 கிராமை மெல்லிசா அரிஞ்சு கீழ அடுக்கி, மேல லீக்ஸ், அதுக்கு மேல துருவின செடார் 60 கிராம். மடல் மடலா வாற சீஸ் இதுக்கு நல்லா வராது, இளகிப் பரவாம மேல தோல் கட்டும். சீஸ் சிலதில் பாலைத் திரைய வைக்க விலங்கு இரைப்பையில் இருந்து எடுக்கிற ரெனட் இருக்கும், கடும் சைவம்னா பக்கற்றைப் பாருங்க, இல்லாட்டிச் சீஸை விட்டுட்டு வடிச்ச தயிரையே பூசுங்க.

மூணாவது கத்தரிக்காய். ஒரு சென்ரிமீற்றர் துண்டா வெட்டி உப்புப் போட்டுப் பிழிஞ்சு, பொரிச்சு எண்ணெய் வடிய விட்டு, தாளிச்ச வெங்காயத்தோட பிரட்டுங்க. அவ்வளவுதான்.

கடைச் சீனிச் சம்பலை எடுத்து "இது வெங்காயம்தானே, சைவம்"னு வெச்சிடாதீங்க. அநேகமா மாசிக் கருவாடு இருக்கும். அசைவத்துக்கு வைக்கிறதுன்னாலும் திறந்த இடத்தில் சீனி கருகும். கீழ மெல்லிசாப் பூசி மேல கிழங்கோ அவிச்ச முட்டையோ அடுக்கினா தப்பும்.

எதை வெச்சாலும் மாவுக்கும் அதுக்கும் நடுவில் ஒரு மேசைக்கரண்டி ரஸ்க் தூள் அல்லது வறுத்த ரவை தூவுங்க. கடைசியா விடுற கொஞ்ச ஈரத்தை அது எடுத்துக்கும்.

---

நிலாவெளி வீதி எழுதியது:

இவ்வளவு ஐஸும் ஏசியும் தேவையா? பேக்கரிச் சாமான் விற்கிற கடையில் பேஸ்ட்ரி மாஜரின் கேட்டு வாங்கினால் வெக்கைக்குள்ளும் உருகாது. கடைப் படைப் பற்றிஸ் எல்லாம் அதில்தான் வருகிறது. நேரமும் மிச்சம், காசும் மிச்சம்.

---

மாவும் தராசும் எழுதியது:

நிலாவெளி அண்ணை சொல்லுறது பிழை இல்லை. அது உருகிற பாகை பட்டரை விடக் கூட, உருட்ட லேசு. ஆனால் உடம்புச் சூட்டிலும் முழுக்க உருகாது, அதால சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசின மாதிரி நிற்கும். சுடச்சுடச் சாப்பிட்டால் அவ்வளவாகத் தெரியாது. ஆறினால் தெரியும், விருந்தில் எல்லாம் ஆறித்தான் போகும். பயமாக இருந்தால் 60 கிராம் பட்டர், 60 கிராம் பேஸ்ட்ரி மாஜரின் எண்டு பாதிப் பாதி போடுங்கோ. உறையில் மரக்கறிக் கொழுப்புத்தானா எண்டு பார்த்து எடுங்கோ.

ஒண்டைச் சொல்லவேணும்: பாணுக்குப் பூசுற டப்பா மாஜரினை இதுக்குப் போட்டிடாதேங்கோ. அதில் தண்ணி கூட, பிரிட்ஜுக்குள்ளேயே இளக்கமாக இருக்கும். துருவவும் ஏலாது, படையும் வராது.

---

உவர்மலை அடுப்படி எழுதியது:

மிச்சம் நன்றி. பாதிப் பாதி போட்டுப் பார்க்கிறன். ஒரு தட்டு ஓவனில் ஐந்தையும் எப்படி நேரம் பிடிக்கிறது? வெள்ளி இரவே வேகவைச்சு எடுத்தால் என்ன? முட்டை பூசாமல் நிறம் வருமா?

---

போறணைச் சூடு எழுதியது:

வெள்ளி இரவு வேகவைக்க வேண்டாம். இரவு முழுக்க உள்ளடக்கத்தின் ஈரம் மாவுக்கு இறங்கும், காலையில் சூடாக்கினாலும் அடி திரும்பாது. வெள்ளி இரவு மாவை மடித்து பிரிட்ஜில் வையுங்கள், உள்ளடக்கத்தைச் சமைத்து ஆறவிட்டு மூடி வையுங்கள். தக்காளியை மட்டும் சனிக்கிழமை வெட்டுங்கள்.

கட்டி முடித்த லீக்ஸ், கத்தரிக்காய் கலெட்டுகளைப் பிரீசரில் வைக்கலாம். அப்படியே உறைந்தபடி ஓவனுக்குள் போடலாம், பத்து நிமிடம் கூட எடுக்கும். இளக விட்டுப் போட்டால் ஊறும். தக்காளி பிரீசருக்கு ஆகாது.

ஓவன் விஷயம். சின்ன ஓவனின் குமிழில் 200 என்று வைத்தால் உள்ளே 200 இருக்கும் என்று நம்ப வேண்டாம், 20 பாகை மேலே கீழே நிற்பது சாதாரணம். உள்ளே தொங்கவிடும் சூடுமானி ஒன்று இருந்தால் நல்லது. மேல் கீழ் இரண்டு கம்பியையும் போட்டு 20 நிமிடம் சூடேற்றுங்கள். தட்டையும் உள்ளே வைத்தே சூடேற்றுங்கள், கவிழ்த்து வைத்தால் இன்னும் லேசு. கலெட்டைப் பேக்கிங் தாளின்மேலேயே மடித்து முடித்து, தாளோடு இழுத்துச் சூடான தட்டின்மேல் தள்ளிவிடலாம். குளிர்ந்த தட்டில் வைத்தால் தட்டுச் சூடேறுமுன் பட்டர் உருகி ஓடிவிடும். உங்கள் நடு அடி ஈரமாக இருந்ததற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

ஓவனின் கீழ் அடுக்குத்தான் சரியான இடம். 200 பாகையில் 20 நிமிடம், பிறகு 190இல் 15 முதல் 20 நிமிடம். மேலே முந்திச் சிவந்தால் அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போடுங்கள், சூட்டைக் குறைக்காதீர்கள். மேல் நிறத்தைப் பார்த்து எடுக்கவே கூடாது. தட்டகப்பையை ஒரு பக்கத்தால் அடியில் கொடுத்துத் தூக்குங்கள்: முழுக் கலெட்டும் வளையாமல் பலகையாக எழும்ப வேண்டும், அடி நடுவரைக்கும் தவிட்டு நிறத்தில் இருக்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஐந்து நிமிடம்.

முட்டை இல்லாமலும் நிறம் வரும். இரண்டு மேசைக்கரண்டி பாலில் ஒரு தேக்கரண்டி தயிர் கலந்து ஓரத்தில் மட்டும் மெல்லிதாகப் பூசுங்கள். பூசும்போது மடிப்பின் இடுக்கில் வழிந்தால் படை ஒட்டிக்கொள்ளும். முட்டை மினுக்கம் வராது, ஆனால் அது ஒரு குறையும் இல்லை. சைவத்துக்கும் மீனுக்கும் தூரிகை வேறு, கத்தி வேறு.

நேரக் கணக்கு: ஒன்று 40 நிமிடம், இடையில் ஓவன் திரும்பச் சூடேற 5 நிமிடம். ஐந்துக்கும் ஏறத்தாழ 4 மணித்தியாலம். விருந்து 5 மணிக்கு என்றால் 12:45க்கு முதலாவது உள்ளே போக வேண்டும். வரிசை கத்தரிக்காய், லீக்ஸ், தக்காளி, கடைசியில் மீன் இரண்டும். மீன் சமைத்த பிறகு வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது, இந்த வெக்கைக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தால் நல்லது. ஆகவே இரண்டாவது மீன் கலெட்டை விருந்து தொடங்கிய பிறகே எடுக்கும்படி வைத்தாலும் குறை இல்லை, சுடச்சுட வரும்.

ஆற வைப்பதற்குக் கம்பித் தட்டு இல்லை என்றால் இடியப்பத் தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கி அதன்மேல் வையுங்கள். அடியில் காற்று ஓடாவிட்டால் வெளியேறும் ஆவி திரும்ப அடியிலேயே படியும். மூடி போட்ட பெட்டிக்குள் சூட்டோடு வைப்பதும் அதே கேடு. முதலில் எடுத்தவற்றை 160 பாகையில் 8 முதல் 10 நிமிடம் திரும்பச் சூடாக்கலாம். மைக்ரோவேவ் வேண்டாம், மா தோலாகிவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. பக்கத்தில் விறகுப் போறணை வைத்திருக்கும் பேக்கரி இருந்து, தெரிந்தவர்களாகவும் இருந்தால், பாண் இறக்கியபின் ஐந்தையும் ஒரே தரத்தில் வைக்கக் கேட்டுப் பாருங்கள். பாண் இறங்கிய கையோடு வைக்கக் கூடாது. தரையில் கொஞ்சம் கோதுமை மா தூவிப் பார்ப்பார்கள்: உடனே கறுத்தால் சூடு அதிகம், ஒரு நிமிடமளவில் பொன்னிறத்துக்கு வந்தால் கலெட்டுக்குச் சரி. போறணையில் அடிச்சூடு பலம் என்பதால் இரண்டு தட்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அதன்மேல் கலெட்டை வையுங்கள், 25 நிமிடத்தில் அடியைத் தூக்கிப் பாருங்கள். ஓட்டோவில் போகும்போது, மடித்து முடித்த கலெட்டைக் குளிர்ப்பெட்டிக்குள் ஐஸோடு கொண்டுபோக வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு போனால் போறணைக்கு முன்பே உருகிவிடும்.

---

உவர்மலை அடுப்படி எழுதியது:

போறணை வேண்டாம், வீட்டு ஓவனிலேயே பார்க்கிறன். வெட்டுறது எப்ப? கரண்ட் நிண்டால்?

---

போறணைச் சூடு எழுதியது:

எடுத்துப் பத்து நிமிடம் கழித்து வெட்டுங்கள், தயிர் வைத்ததற்குப் பதினைந்து. பாண் வெட்டும் பல்லுக் கத்தியால் ஓரத்தை மட்டும் அறுத்து, நடுவை அமத்தி வெட்ட வேண்டும். நடுவிலும் அறுத்தால் தக்காளி முழுக்க இழுபட்டு வரும். பரிமாறுமுன் முழுவதையும் வெட்ட வேண்டாம், வெட்டிய பக்கத்தால் ஈரம் இறங்கும்.

கரண்ட் நின்றால் ஓவன் கதவைத் திறக்காதீர்கள். முதல் 20 நிமிடம் தாண்டியிருந்தால் உள்சூட்டில் கொஞ்சம் நேரம் தாக்குப்பிடிக்கும், வந்தபின் மிச்ச நேரத்தைக் கொடுங்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் நின்றால் வெளியே எடுத்து நேரே பிரீசருக்குள் வைப்பதுதான் வழி, ஓரம் கொஞ்சம் தட்டையாகும். பிரீசரில் மற்றவை இருந்தால் அதையும் அடிக்கடி திறக்காமல் பாருங்கள்.